குளச்சலில் எங்கள் உப்புத் தொட்டிகள்

எங்கள் கருவாட்டுத் தொழில் சுனாமியில்தான் அழிந்தது என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியதில் கிடங்கின் தெற்குச் சுவர் விழுந்ததும், சிப்பம் கட்டி வைத்திருந்த சரக்கு முழுவதும் போனதும் உண்மைதான். ஆனால் பாட்டாவின் (தாத்தாவின்) கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய பிறகு, சரிவு அதற்கு வெகுகாலம் முன்பே, ஐஸ் வந்தபோதே தொடங்கிவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாட்டாவின் காலத்தில் கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் சாளை (மத்தி மீன்) குவிந்துவிட்டால், அன்று மாலைக்குள் அது உப்புக்குப் போயாக வேண்டும். தவறினால் தென்னைக்கு உரமாகும். அந்த அவசரத்தில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு, எங்கள் குமரி மாவட்டத்துப் புத்தளத்து உப்பு என்ற கணக்கில் தொட்டியில் அடுக்கடுக்காக இட்டு, பனையோலைப் பாயால் மூடிக் கருங்கல் ஏற்றுவார்கள். மறுநாள் காலையில், மீன் விட்ட நீர் கல்லின் பாதி உயரத்துக்கு ஊறி நிற்கும். பாட்டி ஒரு மீனை எடுத்து அதன் முதுகை விரலால் அமுக்கிப் பார்ப்பார். விரல் பதிந்தால் இன்னும் ஒரு நாள் ஊற வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் எந்த நாளில் பாய் விரிப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். மீன், உப்பு, பாய், வண்டிக்கூலி என எல்லாம் எழுதப்பட்ட அந்தப் புத்தகங்களில் பாட்டியின் உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐஸும் லாரியும் வந்தபின் நல்ல மீன் பச்சையாகவே கேரளத்துக்குப் போனது. எஞ்சியதை மீன்தூள் ஆலைகளுக்கு வாங்குபவர்கள் ஏலத்தில் எடுத்தார்கள். எடையை மட்டும் பார்த்து வாங்குபவரோடு, மீனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து வாங்கும் அப்பா எப்படிப் போட்டியிட முடியும்? பிறகு சாளையே அரிதானது. 2012இல் கேரளக் கரையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. எங்கள் கரைக்கு வருவதும் அதே கடலின் மீன்தான். அந்த வீழ்ச்சியின் பாதியிலேயே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

கடைசிச் சிப்பம் 2016 மார்ச்சில் வடசேரிச் சந்தைக்குப் போனது. அதற்கு மீன் அறுத்தவர்களின் பெயர்களை, கூலியோடு, அப்பா முதன்முறையாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மூன்றாவது பெயர் அம்மாவுடையது.