பின்பக்கத்துப் பென்சில் எழுத்து

ஸ்கேன் செய்யக் கொடுத்திருந்த பழைய ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தது தப்பா என்று இன்னும் மனசு அரித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மூலைகளில் பசை விட்டுப் போயிருந்தது, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தால் மடங்கி ஒடிந்திருக்கும், அதனால்தான் நாலாவது மூலையையும் லேசாக ஈரம் காட்டிப் பிரித்தேன். சரி, அது வேலை. பின்பக்கத்தைப் படித்ததும் வேலைதான். படித்ததைச் சொன்னதில்தான் குழப்பம்.

ஆல்பம் முழுக்க டோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரை. முகோஜிமா கரையின் செர்ரி மரங்கள், ஒரு சென் காசுக்கு ஆள் ஏற்றிய நீராவிப் படகு, படித்துறையில் குழந்தைகள். கறுத்த இடங்களில் வெள்ளி பூத்திருந்ததால் பக்கத்தைச் சாய்த்தால் தண்ணீரே மினுங்குவது போல இருக்கும். நடுவில் இந்தப் படம்: ஜன்னல் வரை வெள்ளம், படகில் கோலூன்றி நிற்கும் ஒருவர், பின்னால் மூட்டையோடு நாலைந்து பேர். கீழே வெள்ளை மையில் 'மெய்ஜி 43, வெள்ளம், அப்பா'. அதாவது, ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கில், 1910 ஆகஸ்ட். டோக்கியோவின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கிய அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் அரகாவா ஆற்றுக்கு 22 கிலோமீட்டர் நீள வடிகால் வெட்டினார்கள், முடிய 1930 ஆனது. ஆல்பத்தைக் கொண்டுவந்த பெண்மணியின் வீட்டில், கொள்ளுத்தாத்தா அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்றிய கதைக்கு இந்த ஒரு படம்தான் சாட்சி; கீழே அந்த வரியை எழுதியது அவருடைய பாட்டி, கொள்ளுத்தாத்தாவின் மகள்.

பின்னால் பென்சிலில் 'தைஷோ 6, அக்டோபர்'. அது 1917. அந்த அக்டோபர் முதல் தேதி புயலில் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. கொள்ளுத்தாத்தா 1913இலேயே இறந்துவிட்டார் என்று முதல் நாள் அந்த அம்மாவே சொல்லியிருந்தார்.

"இது வேறு வெள்ளமாக இருக்கலாம்" என்றேன். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெற்ற அப்பாவின் முகத்தைப் பாட்டி மறந்திருப்பாரா?" என்று கேட்டார். படத்தில் முகம் அரிசி அளவுதான், பாதி நிழல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பழையபடியே ஒட்டிவிடுங்கள்" என்றார்.

மறைத்திருந்தால் அது பொய் ஆகியிருக்கும், நாளைக்கு யாராவது இதை 1910 என்று நம்பி எடுத்தாளுவார்கள், அதனால் சொன்னது சரி என்று தோன்றும். ஆனால் அன்று ரயிலில் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. பழைய நெகடிவிலிருந்து 1917இல் மறுபடி பிரதி போட்டு, அந்தத் தேதியைக் குறித்திருக்கலாமே? இந்த எளிய விஷயம் அவர் எதிரில் இருந்தபோது ஏன் தோன்றவில்லை? கண்டுபிடித்துவிட்டோம் என்ற வேகம்தான், வேறென்ன. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யாரும் இல்லை. 1945 மார்ச் 10 இரவுக் குண்டுவீச்சில் அவர்கள் தெருவே எரிந்தது, கிராமத்து உறவினர் வீட்டில் இருந்ததால் ஆல்பம் மட்டும் தப்பியது.

அப்புறம் போன் செய்து இதைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் எண்ணை எடுத்தேன். ஆறுதலுக்குச் சொல்வது போல ஆகிவிடுமோ என்று வைத்துவிட்டேன். கோதுமைப் பசை தடவிப் படத்தைப் பழைய இடத்தில் ஒட்டினேன். விவரக் குறிப்பில் அவர் பாட்டி எழுதியதை மட்டும் எழுதினேன். பின்பக்கத்தின் ஸ்கேனை அழிக்கவில்லை, முன்பக்கத்துக்கு அடுத்த கோப்பாக அவருக்குக் கொடுத்த குறுந்தட்டிலேயே இருக்கிறது.