சாலையின் அகலமும் அபராதச் சீட்டும்

"கேமராவுக்கு யாருடைய நிறமும் தெரியாது, அது காரின் பின்புற நம்பர் பிளேட்டை மட்டுமே படமெடுக்கிறது" என்று, வேகமாகச் செல்வோருக்கு அபராதச் சீட்டு அனுப்பும் கேமராக்களைப் பற்றி ஓர் அமெரிக்க நகரத்தில் நடந்த பொதுமக்கள் கூட்டத்தில் நான் சொன்னது உண்மைதான். வாகனப் பதிவேட்டிலிருந்து கிடைப்பது உரிமையாளரின் பெயரும் முகவரியும் மட்டுமே. ஆனால் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் கேட்டது வேறு. "எங்கள் தெருவை இவ்வளவு அகலமாகப் போட்டது யார்? வேகமாகப் போகத் தோன்றும்படி நீங்களே சாலையைப் போட்டுவிட்டு, வேகமாகப் போனதற்கு நீங்களே சீட்டும் அனுப்புவீர்களா?" சாலையைக் குறுக்கி நடுத்திட்டு அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும், கேமராவைச் சில மாதங்களில் நிறுவிவிடலாம், அதற்குள் சில உயிர்களையாவது காப்பாற்றலாம் என்று விளக்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்கள் பகுதிக்கு மட்டும் எப்போதும் அபராதம்தானா முதலில் வந்து சேர வேண்டும்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

கேமராக்களை எங்கெங்கே நிறுவலாம் என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான். விபத்துகளின் எண்ணிக்கை, காயங்களின் தீவிரம், அளந்த வேகம் ஆகிய மூன்றை மட்டுமே வைத்துக் கணக்கிட்டேன். அவருடைய சாலை முதலிடத்துக்கு வந்தது. கணக்கில் பிழை இல்லை. இன்றுவரை பலமுறை சரிபார்த்துவிட்டேன். என்னை உறுத்துவது கணக்குக்கு வெளியே நின்ற ஒன்று. பலகையில் மணிக்கு 30 மைல் என்று எழுதியிருக்கும் நான்கு வழிச் சாலை, மரமோ நடைபாதையோ கடைகளோ இல்லாமல் நெடுஞ்சாலையை நோக்கி நேராக ஓடும்போது, ஓட்டுபவரின் கால் தானாகவே 45 மைலுக்கு அழுத்துகிறது. அத்தகைய சாலைகள் எந்தப் பகுதிகளின் ஊடாகப் போடப்பட்டன என்பது தற்செயலாக அமைந்ததல்ல.

சிகாகோவில் நடந்ததை நாங்கள் அனைவரும் படித்திருந்தோம். 2015 முதல் 2019 வரையிலான சீட்டுகளைப் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்டபோது, கறுப்பின, லத்தீன் வம்சாவளியினர் பெரும்பான்மையாக உள்ள அஞ்சல் பகுதிகளின் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் சீட்டு போயிருந்தது தெரிந்தது. வேக வரம்பை 11 மைலோ அதற்கு மேலோ மீறியதற்காக மிக அதிகமான சீட்டுகளைத் தந்த 10 கேமராக்களும் நான்கு வழிச் சாலைகளில் இருந்தவை. அந்த மீறலுக்கு அபராதம் 100 டாலர். உரிய காலத்தில் கட்டாவிட்டால் இரட்டிப்பாகி, வசூல் கட்டணமும் சேர்ந்து 244 டாலர் வரை ஏறும். ஒருவருக்கு இது ஓர் இரவு விருந்தின் செலவு. இன்னொருவருக்கு வீட்டு வாடகையில் விழும் துண்டு.

ஆயினும் கேமராவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மாதம் சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, கேமராக்களால் உயிரிழப்பும் படுகாயமும் ஏற்படுத்தும் விபத்துகள் 12 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறிந்தது. சுமை சமமாக விழவில்லை என்பதையும் அதே அறிக்கைதான் சொன்னது. கேமராவை அகற்றினால் அந்த இடத்தில் நிற்கப் போவது காவலர். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பின ஓட்டுநரின் காரை நிறுத்திய காவலர் அவரைச் சுட்டுக் கொன்றார். கேமரா எவரையும் நிறுத்துவதில்லை. இந்த வாதத்தை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் துப்பாக்கியைவிட அபராதம் மேல் என்பதை அந்த அம்மையாரிடம் நியாயம் என்ற பெயரில் எப்படி முன்வைப்பது? அவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வரவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார்.

கலிபோர்னியாவில் 2023-ல் நிறைவேறிய சட்டம் அந்த மூன்றாவதற்கு ஓரளவு அருகில் வருகிறது. வேகக் கேமரா நிறுவ ஆறு நகரங்களுக்கு மட்டும் அனுமதி தந்த அச்சட்டம், வருமானம் குறைந்தவர்களுக்கு அபராதத்தைக் குறைக்கச் சொல்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேகம் குறையாவிட்டால், சாலையைத் திருத்தும் பணியைத் தொடங்காமல் கேமராவைத் தொடர்ந்து இயக்க முடியாது என்றும் சொல்கிறது. இவ்விரு நிபந்தனைகளையும் எங்கள் அறிக்கையின் முதன்மைப் பரிந்துரைகளில் எழுதினேன். நகர நிர்வாகம் ஒப்பந்தத்தில் கேட்டது இடப்பட்டியல் மட்டுமே என்று மேலாளர் சொன்னதும் அவை பின்னிணைப்புக்குப் போயின. பின்னிணைப்பிலாவது இருக்கின்றனவே என்று சில நாட்களில் ஆறுதல் கொள்கிறேன். அதைப் புரட்டிப் பார்த்து நிதி ஒதுக்குபவர் யார் என்று வேறு சில நாட்களில் கேட்டுக்கொள்கிறேன்.

வேறொரு நகரத்துக்கு இதே வேலை வந்தால், சாலையின் அகலத்தையும் அதைத் திருத்த ஆகும் செலவையும் இடப்பட்டியலிலேயே ஒரு பத்தியாகச் சேர்ப்பேன். யாரும் கேட்காவிட்டாலும் சேர்ப்பேன். ஆனால் அந்த அம்மையாரின் சாலையை முதலிடத்திலிருந்து இறக்கியிருப்பேனா என்றால், மாட்டேன். அந்தச் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தவர்கள் அவருடைய பகுதியில் வாழ்ந்தவர்களே. இந்த விடை சரி என்றே எண்ணுகிறேன். அதை அவரிடம் நேரில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதில் மட்டும் உறுதியில்லை.