ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பு

மார்ச் 24, தங்கச்சிமடம்

விடியற்காலை கரை சேர்ந்ததும் முதல் வேலையாக போனைத்தான் எடுத்தேன். சென்னையில் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கிற என் மகள் பாப்பா ராத்திரி 2 மணிக்கு எழுந்து காரல் மீன் சொதி வேணும் என்று அழுதிருக்கிறாள். ரத்தப் புற்றுநோய்க்கு முதல் மாதம் கொடுக்கிற மருந்துகளில் ஸ்டீராய்டும் உண்டு, அது உள்ளே போனால் பிள்ளைகளுக்குப் பேய்ப்பசி வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தவரை ஒரு இட்லிக்குக் கெஞ்ச வைத்த பிள்ளை. அவர்கள் இருக்கிற லாட்ஜ் அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. என் வீட்டுக்காரி என்ன செய்வாள், பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டியிருக்கிறாள். கைநிறைய மீனோடு கரையில் நின்று இதைக் கேட்டேன்.

மார்ச் 28

ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான். "வார்டுல சேர்க்கலைனா இங்க கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே, எதுக்கு அங்க வாடகை கட்டிக்கிட்டு?" அவர்கள் மேல் தப்பில்லை, ஒரு மாதத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். மருந்து ஏறினால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நேரம் காலம் பார்க்காமல் உடனே ஓடி வரச் சொல்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்குள் கிருமி எதிர்ப்பு ஊசி ஏறிவிட வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயில். அப்புறம் எப்படி?

முதலமைச்சர் காப்பீட்டில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது, அது இல்லையென்றால் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்திருக்க முடியாது. ஆனால் வாசலுக்கு வெளியே தங்குகிற செலவு நம் தலையில்தான். முதல் நாள் 700 சொன்ன லாட்ஜ்காரர், சிகிச்சை நீளும் என்று தெரிந்ததும் 900 ஆக்கிவிட்டார். மொட்டைத் தலையோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கேட்க முடிகிறது என்று இன்னும் ஆறவில்லை. வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 4

ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர் அம்மா ஒருவர், புற்றுநோய் வந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு என்றே இலவசமாகத் தங்குமிடம் நடத்துகிறார்கள் என்று சொல்லி எங்கள் பேரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். செயின்ட் ஜூட் என்கிற அமைப்பு 2006-ல் மும்பையில் ஆரம்பித்தது, இப்போது சென்னையிலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது. இப்படி வேறு சில அறக்கட்டளைகளும் செய்கின்றன. இடம் காலியானால் கூப்பிடுவார்கள். ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பினால்தான் இடம் காலியாகும், அதனால் அந்தப் பிள்ளை குணமாகிப் போகட்டும் என்றே வேண்டிக்கொண்டேன். ஊரில் என் அம்மா வேர்க்காடு சந்தியாகப்பர் தேவாலயத்துக்கு நேர்ச்சை வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 9

இடம் கிடைத்துவிட்டது! ஒரு சின்ன அறை, கட்டில்கள், நல்ல தண்ணீர், கழுவித் துடைத்த தரை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சமையலறை, அதில் குடும்பத்துக்கு ஒரு அடுப்பு, சாமான் வைக்க ஒரு பூட்டு அலமாரி. வீட்டுக்காரி வீடியோவில் முதலில் காட்டியது அந்த அடுப்பைத்தான்.

ஏப்ரல் 15

நள்ளிரவோடு விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை 61 நாள். மற்ற வருஷம் இந்த நாள் வந்தால் வயிறு கலங்கும். இந்த வருஷம் பிள்ளையோடு இருக்கலாம். சின்னவனை அம்மாவிடம் விட்டுவிட்டு ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினேன். பாப்பாவைக் கூட்டி வரும்போது, டாக்டர் எழுதித் தரும் படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பரில் அவளுக்கு முழுக் கட்டணமும், கூட வருபவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி. மடியில் அம்மா கொடுத்த பழகிய மண்சட்டி. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது, கீழே படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன.

ஏப்ரல் 18, சென்னை

காலையில் மீன் கடையில் காரல் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, இங்கே அதற்குக் காரப்பொடி என்று பேர். செவுள் பார்த்து வாங்கினேன். சமைத்ததும் சூடாகக் கொடுக்க வேண்டும், எடுத்து வைத்துக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.

ராத்திரி 1.40-க்குப் பாப்பா எழுந்துவிட்டாள். சமையலறைக்குப் போனால் விளக்கு எரிகிறது. ஏற்கனவே மூன்று அடுப்பு பற்றிக்கொண்டிருந்தன. தருமபுரி அக்கா ஒருவர் களி கிண்டிக்கொண்டிருந்தார், அவர் மகனுக்கும் அதே மருந்து, அதே பசி. "அண்ணே, மஞ்சத்தூள் இருக்கா?" என்று கேட்டார், கொடுத்தேன். பூண்டு தட்டிப் போட்டு, சொதி நுரை கட்டி வந்ததும் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினேன்.

காரல் முள் நிறைய உள்ள மீன். ஒவ்வொன்றாக முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். மூன்று தட்டு சாப்பிட்டாள். பிறகு சட்டியை எட்டிப் பார்த்து, "நாளைக்கும் வைப்பியா அப்பா?" என்றாள்.