அம்மாவின் நேர்ச்சையும் சந்தியாகப்பரின் தோளும்

இயேசுவின் சீடர் யாக்கோபுவை நாங்கள் சந்தியாகப்பர் என்போம். அவருக்கு அம்மா பட்ட கடன் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, போன அக்டோபரில்தான் தீர்ந்தது.

தம்பி போன படகு இயந்திரம் பழுதாகி நான்கு நாள் கடலில் அலைந்தபோது, தங்கச்சிமடம் வேர்க்காட்டுக் கோயில் மணலில் முழங்காலில் நின்று, "பிள்ளையைக் கரை சேர்த்துவிடு, உன் கல்லறைக்கே நடந்து வருகிறேன்" என்று நேர்ந்துவிட்டாள். கல்லறை எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட அப்போது அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் தம்பி வந்து சேர்ந்தான். அம்மாவால் வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை. கண்மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடன் நிற்கிறது" என்றாள். வேறெதையும் சொல்லவில்லை.

நான் ஜெர்மனியில் செவிலியர். தம்பிக்கு இரண்டாவது விண்ணப்பத்தில்தான் விசா கிடைத்தது. ஸ்பெயினின் கலீசியாவில் சாரியா என்ற ஊரிலிருந்து, அவர் கல்லறை இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்குச் சுமார் 115 கி.மீ. நடந்து வருகிறவர்கள் குறைந்தது 100 கி.மீ. கடந்தால்தான் திருப்பயணச் சான்று உண்டு. அதனால் உலகமே சாரியாவில் வந்து இறங்குகிறது. பாட்டுப் பெட்டியை அலறவிட்டு நடக்கும் இளைஞர் கூட்டம், மூட்டையை வண்டியில் அனுப்பிவிட்டுக் கைவீசி வரும் சுற்றுலாக் குழு, காது கேளாதோருக்கு நிதி என்று அட்டையை நீட்டிக் கையெழுத்து வாங்கிப் பணம் பறிக்கும் இரண்டு பெண்கள். தம்பி ஐந்து யூரோ கொடுத்துவிட்டான். சற்றுத் தள்ளிப் போனதும் அந்தப் பெண்கள் இருவரும் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "விடு அக்கா, சந்தியாகப்பர் கணக்கில் எழுதிக்கொள்வார்" என்றான்.

முதல் நாள் மாலை போர்த்தொமரீன். மீன்யோ ஆற்றின்மேல் நீண்ட பாலம். தண்ணீர் இறங்கியிருந்ததால், கீழே சேற்றுக்குள் பழைய ஊரின் சுவர்கள் தெரிந்தன. 1963இல் பெலெசார் அணை வந்தபோது ஊரே முழுகிவிட்டது. ஆனால் முழுகும் முன்பே, ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியப் பாணியில் கட்டிய தங்கள் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி, மேட்டுக்குத் தூக்கிப் போய் மறுபடி அடுக்கிவிட்டார்கள். கோட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சில கற்களில் அந்த எண்கள் இன்னும் மங்கலாக இருக்கின்றன. நான் ஓர் எண்ணின்மேல் விரலை வைத்து நின்றுவிட்டேன்.

அம்மா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 புயல் இரவில், ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த அவளைத் தாத்தா தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நடந்து கரையேறினார். இந்த ஊர் முழுகியதற்கு மறு ஆண்டுதான் எங்கள் ஊர் போனது. இவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கோயில் கற்களில் யாரும் எண் எழுதவில்லை. பவளக்கல் சுவர் மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது, அதன்முன் படம் எடுத்துக்கொள்ள வேன் வேனாக வருகிறார்கள். தம்பி எதுவும் பேசாமல் வாசல் வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அரைவட்டத்தில் இருபத்துநான்கு மூப்பர்கள், பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வருகிறவர்கள், கையில் இசைக்கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். "எண்ணினேன் அக்கா, ஒருவர்கூடக் குறையவில்லை" என்றான்.

அடுத்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, கொப்புளம், விடுதியில் மேல்கட்டில்காரரின் குறட்டை. அம்மாவின் செபமாலையை ஆளுக்கு ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

ஐந்தாம் நாள் பேராலயத்தின் முன் நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சப்பென்று இருந்தது. படங்களில் வரும் அந்த முகப்பு 18ஆம் நூற்றாண்டில் போர்த்திய பட்டாடை. எங்களைத் தெற்கே பிராத்தெரியாஸ் வாசல் வழியாகத்தான் விட்டார்கள். முதுகுப் பையோடு நுழையக் கூடாது என்று திருப்பி அனுப்பியதால், பையை வைக்க இடம் தேடி ஒரு மணி நேரம் போனது. ஆனால் அந்த வாசல்தான் பழைய உடம்பு. உள்ளே காலடி வைத்ததும் சந்தைச் சத்தம் அடங்கிவிட்டது. 1075இல் தொடங்கிய கட்டடம். கருங்கல் கூரை பீப்பாயைப் பிளந்து கவிழ்த்ததுபோல் நீள ஓடுகிறது. அந்தப் பாரம் இருபுறமும் தள்ளுமாம். பக்க வழிகளின்மேல் இருக்கும் மாடம் அந்தத் தள்ளலைத் தோள்கொடுத்து வாங்கிக்கொள்கிறது. பீடத்துக்குப் பின்னால் வளைந்து வரும் திருச்சுற்று எங்களைப் போன்றவர்களுக்காகவே அமைத்தது. திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே யாரையும் இடிக்காமல் சுற்றி வந்துவிடலாம்.

வடக்குப் பக்கம் குதிரைமேல் சந்தியாகப்பர். "நம் வீட்டுப் படம்!" என்று தம்பி ஓடினான். குதிரையின் காலடியைப் பூக்களால் மூடியிருந்தார்கள், உள்ளே வெட்டுண்ட மூர்கள், அந்நாளில் ஸ்பெயினை ஆண்ட இஸ்லாமியர்கள், கிடக்கிறார்கள். மூடியதுதான் சரி என்று எனக்குப் பட்டது. வேர்க்காட்டுத் திருவிழாவுக்கு இஸ்லாமியரும் இந்துக்களும் வந்து நிற்கிற இடத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பிறகு அந்தக் குறுகிய படி. பீடத்தின் பின்னால் ஏறினால், உட்கார்ந்திருக்கும் சந்தியாகப்பரின் முதுகு. 13ஆம் நூற்றாண்டுக் கற்சிலை, தோளில் கல் பதித்த வெள்ளிப் போர்வை. பின்னாலிருந்து கட்டிக்கொள்வதுதான் இங்கே வழக்கம். எனக்கு முன்னே தம்பி. இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றி, கன்னத்தை வெள்ளியில் அழுத்திக்கொண்டான். பாய்மரத்தைப் பிடித்த மாதிரி பிடித்தான். காவலர் ஒருமுறை இருமினார், பிறகு முதுகில் தட்டினார். அவன் விடவில்லை. பின்னால் வரிசையில் ஒரு பெண் "த்ச்" என்றாள். அப்போது தம்பி தமிழில் சொன்னது எனக்கு மட்டும் புரிந்தது: "அம்மா அனுப்பினாள். நான்தான் அந்தப் பையன்." அவ்வளவுதான். என் முறை வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. ஆண்டவரே, நன்றி, நன்றி என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். அவர் நாள் முழுவதும் பார்ப்பதைப் பார்த்தேன்: நனைந்த சட்டையும் புழுதிக் காலுமாய் ஆள்கள், ஆள்கள். செபதேயுவின் மகன், வலையை விட்டு எழுந்து போன மீன்காரர். எங்கள் ஆள்.

கீழே நிலவறையில் வெள்ளிப் பேழை. அங்கே அழுததை எழுதப்போவதில்லை. கயிற்றில் தொங்கும் பெரிய தூபக்கலசம் அன்று ஆடவில்லை, பெருவிழாக்களில்தான் ஆடுமாம். மாட்சியின் வாசலுக்குத் தனி டிக்கெட் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனோம். 1188இல் மத்தேயோ என்ற சிற்பி தன் பெயரைப் பொறித்த வாசல். அங்கேயும் அதே இருபத்துநான்கு மூப்பர்கள், சுருதி சேர்த்துக்கொண்டு. நடுத்தூணில் நூற்றாண்டுகளாகக் கைவைத்துக் கைவைத்து ஐந்து விரல் பள்ளம் விழுந்திருக்கிறது. இப்போது தொடக் கூடாது. தம்பி தன் விரல்களை விரித்து, தூரத்திலிருந்தே அளவு பார்த்தான்.

சான்று தரும் அலுவலகத்தில், இறந்தவருக்காக நடந்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதித் தருவார்கள் என்று தெரிந்தது. தம்பியின் சான்றில் அப்படி எழுதச் சொன்னோம். அம்மாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக மூன்று முறை சொன்னேன். அந்தப் பெண் லத்தீன் வரிகளுக்கு நடுவே மெதுவாக எழுதி, சரியா என்று திருப்பிக் காட்டினாள். தம்பி மையில் ஊதிக் காயவைத்தான். பிறகு படகின் பதிவுத்தாளைச் சுற்றுவதுபோல், பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, தண்ணீர் புகாதபடி இரண்டு மடிப்பாகச் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.