காலஞ்சென்ற

2012 ஓகஸ்ட் 6

தவணைப் பரீட்சைப் புள்ளி வந்தது. எங்கள் இல்லத்தில் பதினோராம் ஆண்டு படிக்கிற நெட்டைக்குக் கணிதத்தில் 19. டிசெம்பர் சாதாரணதரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியது 35.

ஓகஸ்ட் 9

அவளுடைய விடைத்தாளைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்து, இரவு வரிவரியாகப் பார்த்தேன். எனக்கே ஆச்சரியம். பதினோராம் ஆண்டுப் பாடத்தில் பெரிய பிழையே இல்லை. தொடைகள் சரி, தாயம் சரி. புள்ளி போனதெல்லாம் கழித்தல் குறியில். கழித்தல் 3இலிருந்து 5ஐக் கழித்தால் 2 என்கிறாள். ஒரு தாளில் ஒன்பது இடத்தில் அதே பிழை.

திசைகொண்ட எண்கள் எந்த ஆண்டில் படிப்பிக்கிற பாடம் என்று யோசித்தேன். ஏழு, எட்டு. அவள் ஏழாம் ஆண்டில் இருந்தது 2008. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட வருஷம். மூன்றாம் தவணை தருமபுரத்தில் போயிற்று. எட்டாம் ஆண்டு விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். அப்புறம் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள்ளே நேரே ஒன்பதாம் ஆண்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். வயசுக்கு ஏற்ற வகுப்பாம்.

இவளுக்குக் கணிதம் ஓடாது என்று போன வருஷம் நான்தான் பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்து.

ஓகஸ்ட் 14

வள்ளிபுனத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல் குண்டு விழுந்து ஆறு வருஷம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலைப் பிரார்த்தனை மட்டும் வழக்கத்தைவிட நீண்டது.

ஓகஸ்ட் 19

பிறந்தநாள் சாப்பாடு. லண்டனில் ஒரு பிள்ளைக்கு ஏழு வயசு. எங்கள் சின்னவை வரிசையில் நின்று கமராவுக்குக் கைதட்டிப் பாடினார்கள். கோழிக்கறி, கேக். எனக்கு இதில் வெறுப்பு என்று சொன்னால் பொய், கோழியை நானும்தான் சாப்பிட்டேன். ஆனால் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்ப ஆள் வரிசையில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு கணித ஆசிரியருக்குச் சம்பளம் தாருங்கள் என்று எழுதினால் பதிலே இல்லை. கழித்தல் குறியைப் படம் பிடித்து அனுப்ப முடியாதுதான்.

ஓகஸ்ட் 23

வாசற்படியில் வெண்கட்டியால் எண்கோடு கீறினேன். பூச்சியம் நடுப்படி. கழித்தல் என்றால் இறங்கு. பதினாறு வயசுப் பிள்ளை படியில் ஏறி இறங்க, சின்னவை சிரிக்கிறார்கள். அவள் கோபிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் இறங்கினாள்.

செப்டெம்பர் 4

உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது. உயர்தரம் முடியும் வரை இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் காசு. ஒரே நிபந்தனை, தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளையாக இருக்க வேண்டும். இரண்டு பேருடைய மரணச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

நெட்டையின் அப்பாவுக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை.

செப்டெம்பர் 8

அம்மம்மாவைப் பார்க்கப் போனேன். தகரக் கொட்டில், முற்றம் மட்டும் கண்ணாடி மாதிரி. தேத்தண்ணி தந்தார். விஷயத்தைச் சொன்னேன். சட்டம் இருக்கிறது, 2010இன் 19ஆம் இலக்கம், போரில் காணாமல் போய் ஒரு வருஷம் கடந்திருந்தால் மரணத்தைப் பதியலாம், நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும் என்றேன். கந்தோர்க்காரி மாதிரியே கதைத்திருக்கிறேன்.

"பிள்ளை, ஆமிப் பக்கம் போற வட்டுவாகல் பாலம் வரைக்கும் அவள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவள். உயிரோடை நடந்து வந்தவளைச் செத்தவள் எண்டு நான் எப்பிடி எழுதிறது?"

2010 செப்டெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது போய்ச் சொன்னாராம். செஞ்சிலுவைக்காரரிடமும் எழுதிக் கொடுத்தாராம். எல்லாத் துண்டும் ஒரு பொலித்தீன் பைக்குள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் மகளின் பெயர், ஒன்றிலும் காலஞ்சென்ற இல்லை.

தேத்தண்ணி ஆறிவிட்டது.

செப்டெம்பர் 9

கழித்தல் குறி பரவாயில்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் மறுபடி சறுக்குகிறாள்.

செப்டெம்பர் 25

மெனிக் பாமில் இருந்த கடைசிச் சனங்களையும் அனுப்பியாயிற்றாம். முகாம் மூடியாயிற்று. கேப்பாப்பிலவு ஆட்களை அவர்களுடைய காணிக்கு விடாமல் சீனியாமோட்டையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். இங்கே பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி, ஒரு பேச்சு.

இரவு படிப்பு முடிந்து நெட்டை மட்டும் எழும்பவில்லை.

"அம்மம்மா மெனிக் பாம் இராமநாதன் முகாமிலைதான் எங்கடை கூடார நம்பர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்தவ. இனி அம்மா அங்கை வந்து கேட்டா ஆர் சொல்லுவினம், ரீச்சர்?"

இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷமாக அந்தக் கூடாரம் இவளுக்கு ஒரு விலாசமாக இருந்திருக்கிறது.

ஒக்டோபர் 1

சிறுவர் தினம். முதியோர் தினமும் இதே நாளில்தான். இரண்டு பேச்சு, ஒரு பலூன் கட்டு. பேசியவர் எட்டுத் தடவை "அநாதைப் பிள்ளைகள்" என்றார். சின்னவை எண்ணிக்கொண்டிருந்தார்கள், நான் அல்ல. இந்த இல்லத்தில் பாதிக்கு மேல் அம்மா இருக்கிற பிள்ளைகள். வீட்டில் சோறு இல்லை, பள்ளிக்கூடம் தூரம், தாய் கூலிவேலைக்குப் போகிறாள். அதனால் இங்கே. மாதக் கடைசியில் பழைய சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிற அந்தத் தாய்மாரில் இரண்டு பேர் பின்வரிசையில் இருந்து இதையெல்லாம் கேட்டார்கள்.

ஒக்டோபர் 8

படிவத்துக்கு ஒக்டோபர் கடைசிதான் முடிவுத் திகதி. இன்று அவளிடமே நேராகச் சொன்னேன். கடதாசியில் எழுதுவதால் ஒருவரும் சாவதில்லை என்றேன். நல்ல வசனம் என்று வேறு நினைத்தேன். பேசாமல் போய்விட்டாள். கணிதத்துக்கு வரவில்லை.

ஒக்டோபர் 9

வரவில்லை.

ஒக்டோபர் 10

வந்தாள். "அதிலை எழுதினா அம்மம்மா திவசம் செய்யவேணும். செய்தா அம்மா இல்லை." அவ்வளவுதான். புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

பதினாறு வயசில் இவ்வளவு சரியாக ஒரு கணக்கைப் போட என்னால் முடிந்திருக்காது.

ஒக்டோபர் 17

காசு கொடுக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். "மரணம் உறுதிப்படுத்தப்படவில்லை, ஆனால் மூன்று வருஷமாகத் தாய் இல்லாமல் வளர்கிறாள்." ஒரு பெட்டிக்குள்ளும் அடங்காத வாக்கியம். இருக்கிறார் என்றால் உதவி கிடையாது. இறந்தார் என்றால் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குப் படிவத்தில் இடமே வைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அப்படி நிற்கிறவள் இவள் ஒருத்தியா?

கோபம் அவர்கள்மேல் மட்டும்தானா என்றால், இல்லை. செப்டெம்பர் 8ஆம் திகதி அந்த முற்றத்தில் இருந்தவள் நான்தானே.

ஒக்டோபர் 30

புயல். நீலமாம் பெயர். நேற்றிரவு முழுக்கத் தகரம் அடித்தது. படுக்கைக் கூடத்தின் ஒரு மூலை ஒழுக்கு. பிள்ளைகளை எல்லாம் வகுப்பறைக்கு மாற்றினோம். ஓடுகிறபோது எதை எடுத்தார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் முதலில் எடுத்தது பத்திரங்கள் போட்ட பை. ஆறு வயசுக்காரி வரைக்கும். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முல்லைத்தீவுப் பக்கம் சனம் மறுபடி பள்ளிக்கூடங்களுக்குள் இருக்கிறார்களாம்.

நவம்பர் 3

முடிவுத் திகதி போய்விட்டது. பதிலும் இல்லை.

நவம்பர் 12

மாதிரித் தாள். 33.

நவம்பர் 13

தீபாவளி. இரண்டு புள்ளி.

நவம்பர் 16

அடையாள அட்டை வந்தது. இரண்டு காதும் தெரியப் படம். "அம்மாவின்ரை காது," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

நவம்பர் 22

காசுக்காரரிடமிருந்து பதில்! டிசெம்பர் 31 வரை நீட்டித் தருகிறார்களாம். நிபந்தனை அதே நிபந்தனை. மரியாதையான கடிதம், இரண்டு தடவை "வருந்துகிறோம்".

அவளுக்குச் சொல்லவில்லை. அம்மம்மாவுக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று பொறுப்பாளர் அக்காவிடம் சொன்னேன். பரீட்சைக்கு மூன்று கிழமை கூட இல்லை.

நவம்பர் 27

விளக்கீடும் மாவீரர் நாளும் ஒன்றாக வந்து தொலைத்திருக்கின்றன. வாசலில் சிட்டி வைக்கலாமா கூடாதா என்று பின்னேரம் முழுக்கக் கதை. கடைசியில் சாமியறைக்குள் ஒரே ஒரு விளக்கு, கதவைச் சாத்திக்கொண்டு. கணிதம் இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

டிசெம்பர் 2

38. 38. 38.

குசினி அக்காவிடம் கூடச் சொல்லிவிட்டேன். வீட்டுத் தாளில் வருகிற 38 பரீட்சை மண்டபத்தில் 30 ஆகும் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

டிசெம்பர் 5

இரவு இரண்டாம் தாளில் ஒரு கேள்வி. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை தரப்பட்டிருக்கிறது, ஒன்று தெரியாது. "தெரியாததை எக்ஸ் எண்டு வைப்பம்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். சரியாக வந்தது. நான் திருத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசெம்பர் 8

மழை. மத்தியானம் அம்மம்மா வந்துவிட்டார், சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, பேருந்தில் மாறி மாறி. யார் சொன்னார்களோ. பேத்திக்கு ஒரு புதுக் கவராயப் பெட்டியும் கோயில் திருநீறும். அவளைப் படிக்க அனுப்பிவிட்டு என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். அந்தப் பொலித்தீன் பையை என் கையில் வைத்து, தன் கையால் மூடினார்.

"நீங்களே வைச்சிருங்கோ, ரீச்சர். வேண்டியது இருக்குது."

நாலு மணி பேருந்துக்குப் போய்விட்டார்.

பை நனைந்திருந்தது. மேலே ஒரு புதுக் கடதாசி மடித்திருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. துடைத்து, திறக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நெட்டை முன்வகுப்பறையில் கவராயத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசெம்பர் 9

பென்சில் இரண்டு, அழிறப்பர், அடையாள அட்டை, அனுமதி அட்டை. திறப்பு என் கழுத்துச் சங்கிலியில்.