ஏழைக் கிழவனும் நாங்கள் நால்வரும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு சிங்கப்பூர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நால்வரும் கூடினோம். முப்பது வருஷத்துக்கு முன்னால் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். எங்கள் நான்கு பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு கிடையாது. அதனால்தான் அங்கே போனோம், அதனால்தான் ஒருத்திக்கு ஒருத்தி கிடைத்தோம். எங்களில் ஒருத்தி இப்போது பெர்த்தில் இருக்கிறாள். அவள் விடுமுறைக்கு வந்ததால் அமைந்த நாள் இது.

செந்தோசா தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். அதற்கு இறங்க வேண்டிய ஹார்பர்ஃபிரண்ட் ஐந்தே நிறுத்தம். பேச்சை ஆரம்பிப்பதற்குள் இறங்க வேண்டியதாயிற்று.

சின்ன வயதில் செந்தோசா போனால் மோனோரயிலில் தீவைச் சுற்றுவோம். இருட்டியதும் இசை நீரூற்று. மோனோரயில் 2005இல் நின்றது, நீரூற்று 2007இல். அந்த நீரூற்றை எடுத்துவிட்டுத்தான் ஒருங்கிணைந்த உல்லாசத்தளம் கட்டினார்கள். அதில்தான் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010இல் திறந்தது. எனக்கு இன்னமும் அந்த நீரூற்றின் மேல் ஆசை உண்டு.

நேராக இரட்டை ரோலர் கோஸ்டருக்குப் போனோம். உயரம் 42.5 மீட்டர். சிவப்பில் உட்கார்ந்து போகலாம். நீலத்தில் தண்டவாளம் தலைக்கு மேலே, கால் அந்தரத்தில் தொங்கும். பெர்த்காரியும் நானும் நீலம், மற்ற இருவரும் சிவப்பு. இவளுக்கு அங்கே வேலையிலும் வீட்டிலும் இங்கிலீஷ்தான். காலையிலிருந்து தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்குத் தயங்கிக்கொண்டிருந்தாள். வண்டி தலைகீழாகப் புரண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா, விட மாட்டேன்டி!" என்று அலறினாள். அப்புறம் அவள் தமிழ் நிற்கவே இல்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மின்னல் வெட்டினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். வாசல் பக்கத்துப் பெரிய கூரைக்கடியில் ஒதுங்கினோம். யார் தொடங்கினாள் என்று தெரியவில்லை, எங்கள் ஆசிரியை ழகரத்துக்காகச் சொல்லவைத்தது வாயில் வந்துவிட்டது: "ஏழைக் கிழவன் வாழைப்பழத்தோல் மேல் சருசருக்கி வழுவழுக்கிக் கீழே விழுந்தான்." நால்வரும் வேக வேகமாகச் சொன்னோம். பெர்த்காரியின் நாக்கு ஓரிடத்திலும் தவறவில்லை. வகுப்பில் அன்றும் அவள்தான் முதல். மழை விட்டதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

இரவு லிட்டில் இந்தியா தேக்காவில் பிராட்டா ரொட்டியும் தே தாரிக் டீயும். கடைசி ரயிலுக்கு ஓடினோம்.

நேற்று பெர்த்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவளுடைய ஒன்பது வயது மகள், "ஏளைக் கிளவன் வாளப்பளத்தோல்..." என்கிறாள். பின்னாலிருந்து அவள் அம்மா, "நாக்கை நல்லா மடிடி" என்கிறாள். பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.