15 கிலோவும் 2 லிட்டர் எண்ணெயும்

14 மாதங்களுக்கு முன் என் எடை 94 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர். இன்று எடை 79 கிலோ, இடுப்பு 94. என் உயரம் 171 சென்டிமீட்டர் என்பதால், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காணும் உடல் நிறைக் குறியீடு 32இலிருந்து 27க்கு இறங்கியிருக்கிறது. இந்தியர்களுக்கு 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் உடற்பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் கணக்கு வைத்திருப்பதால், நான் இன்னும் கரையேறவில்லை. ஆண்களுக்குச் சொல்லப்படும் 90 சென்டிமீட்டர் இடுப்பளவுக்கும் 4 சென்டிமீட்டர் பாக்கி. ஆகவே இது முழுவதும் முடிந்துபோன கதையன்று. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘என்ன டயட்?’ என்று கேட்கிறார்கள். ரோயிங் மெஷின், அதாவது துடுப்பு இயந்திரம், என்று தொடங்கினால் பாதிப் பேருக்கும், எண்ணெய்க் கணக்கு என்று தொடர்ந்தால் மீதிப் பேருக்கும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. இரண்டையும் கேட்கப் பொறுமையுள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓடத்தான் முதலில் ஆசைப்பட்டேன். மூன்றே வாரத்தில் வலது முழங்கால் வீங்கியது. இந்த எடையோடு தார்ச்சாலையில் ஓடினால் ஒவ்வோர் அடிக்கும் மூட்டுதான் கூலி கொடுக்கும் என்று மருத்துவர் சொல்லி, உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சியாகப் பார்க்கச் சொன்னார். 1867இல் தொடங்கப்பட்டு, சென்னையில் அடையாற்றங்கரையில் இயங்கிவரும் மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் விடியற்காலையில் நீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அது நமக்கான விளையாட்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அதே அசைவை வீட்டுக்குள் செய்துகொள்ள ஓர் இயந்திரம் இருப்பது தெரிந்ததும், ஒருவர் விற்கவிருந்த பழைய இயந்திரத்தை வாங்கி, இரண்டாம் மாடிவரை இரண்டு பேராகத் தூக்கிவந்து, பால்கனிக் கதவை ஒட்டிப் போட்டேன். “தண்ணியே இல்லாம எங்கடா துடுப்பு போடப்போறே?” என்று அம்மா கேட்டார்.

தமிழில் துடுப்பு வலித்தல் என்றுதான் சொல்கிறோம். வலித்தல் என்றால் இழுத்தல். வலித்தல் என்றால் நோதல். இரண்டு பொருளையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

இந்த இயந்திரத்தின் பிறப்பு சுவையானது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் துடுப்பு செய்து விற்றுவந்த டிரைசிகாக்கர் சகோதரர்கள், குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோகும்போதும் பயிற்சியை விடாமல் தொடர்வதற்காக, சைக்கிள் சக்கரத்தில் விசிறி இதழ்களைப் பொருத்தி 1981இல் முதல் மாதிரியை வெளியிட்டார்கள். அவர்களுடைய கான்செப்ட்2 நிறுவனத்தின் இயந்திரம்தான் இன்று உலகெங்கும் உள்ளரங்குத் துடுப்புப் போட்டிகளில் பெரும்பாலும் பயன்படுகிறது. உள்ளே மோட்டார் எதுவும் கிடையாது. கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஓடி விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுதான் எதிர்ப்பு. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு கனமாக அது திருப்பிப் பிடிக்கும். 94 கிலோ எடையிருந்த எனக்கும் 50 கிலோ எடையுள்ள என் மகளுக்கும் ஒரே இயந்திரம் பொருந்துவது இதனால்தான்.

பார்ப்பவர்களுக்கு இது கைப்பயிற்சி போலத் தெரியும். உண்மையில் வேலையின் பெரும்பங்கு கால்களுடையது. முழங்காலை மடக்கி முன்னே சென்று, கணுக்காலுக்கு மேல் கீழ்க்கால் செங்குத்தாக நிற்கும் இடத்தில் நின்று, கால்பலகையை உதைத்துப் பின்னே வர வேண்டும். கால்கள் ஏறக்குறைய நீண்ட பிறகே முதுகு இடுப்பிலிருந்து சாய வேண்டும். கடைசியாகத்தான் கைகள் மடங்கிக் கைப்பிடி விலாவுக்குக் கீழே வந்து சேர வேண்டும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக வரும்: கை, முதுகு, கால். உதைப்பதற்கு ஒரு பங்கு நேரம் என்றால் திரும்புவதற்கு இரண்டு பங்கு. இந்த நிதானம் கைவர எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று, ஏனென்றால் வியர்வை கொட்டக் கொட்ட முன்னும் பின்னும் பாய்ந்தால்தான் உடற்பயிற்சி என்று மனம் நம்பிக்கொண்டிருந்தது. முதல் நாள் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதன் ஓரம் இருக்கையின் உருளையில் சிக்கி, பாதி வழியில் நின்றுபோனதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து அரைக்கால் சட்டைதான்.

விசிறிக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு நெம்புகோல் உண்டு. கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது. 10 என்றால் அதிகப் பலன் என்று நானாக முடிவுகட்டி, இரண்டாம் வாரமே அதை 10இல் வைத்து, கால் உதைப்பதற்கு முன்பே முதுகை வளைத்துப் பிடுங்கியதில், ஒரு காலை வேளையில் செருப்பை மாட்டக்கூடக் குனிய முடியாமல் போயிற்று. இரண்டு வாரம் படுக்கையும் வெந்நீர் ஒத்தடமும்தான். 10 என்பது பாரம் ஏற்றிய தோணியை இழுப்பதைப் போன்றது, 3 அல்லது 4 என்பது மெலிந்த பந்தயப் படகைப் போன்றது. இயந்திரத்தின் கையேடே தொடங்குபவர்களை 3 முதல் 5 வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நான் கையேட்டைப் படித்தது முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது. இப்போது 4இல் நிற்கிறது.

கணக்கில் விருப்பம் உள்ளவர்களுக்கு அதன் சிறு திரை ஒரு விருந்து. 500 மீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் என்பதே அதன் அளவுகோல். 3 நிமிடத்தில் கடந்தால் நாம் கொடுக்கும் திறன் 60 வாட். இரண்டரை நிமிடம் என்றால் 104 வாட். 2 நிமிடம் என்றால் 203 வாட். திறன் வேகத்தின் கனமடங்காக ஏறுகிறது, அதாவது வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு உழைக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், பேசிக்கொண்டே வலிக்கக்கூடிய மெதுவான வேகத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதே என் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்றது என்று தெளிந்தேன். நிமிடத்துக்கு 20 முதல் 22 முறை இழுப்பது, வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம். என் முதல் 2,000 மீட்டருக்கு 11 நிமிடம் 48 விநாடி ஆயிற்று, இப்போது 9 நிமிடம் 20 விநாடி. இரண்டரை நிமிடந்தான் குறைந்திருக்கிறது, ஆனால் திறன் 63 வாட்டிலிருந்து 128க்கு, அதாவது இரு மடங்காகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டன்க்ளி-ஸ்மித் 2018இல் இதே தூரத்தை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் தலைக்கனத்துக்கு இடமே இல்லை.

ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒரு கிலோதான் குறைந்தது. சொல்லப்போனால் நான் எழுத வந்த விஷயமே இதுதான். 20 நிமிடம் வலித்து முடித்ததும் திரையில் 170 கலோரி என்று வரும். அந்த எண்ணைப் பார்த்த தைரியத்தில் மாலையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலாக ஒரு காபியும் உள்ளே போகும். காலையில் போட்ட பணத்தை மாலையிலேயே எடுத்துவிட்டு, வங்கியில் ஏன் இருப்பு ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 170ஐயும் அப்படியே நம்பக்கூடாது. வாட்டை 3.44ஆல் பெருக்கி 300ஐக் கூட்டினால் கிடைப்பதே மணிக்கான கலோரி என்று இயந்திரம் வைத்திருக்கிறது. வலிப்பவரின் எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ, என்பது அதன் அனுமானம். முதல் நாளிலிருந்தே அது என்னை 79 கிலோ மனிதனாகத்தான் கருதிவந்திருக்கிறது. அதன் எண்ணத்துக்கு நான் வந்துசேர 14 மாதம் பிடித்திருக்கிறது!

நான்காம் மாதம் என் மனைவி மளிகைச் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய்: 3 லிட்டர் கடலை எண்ணெய், 2 லிட்டர் நல்லெண்ணெய். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் வருகிறது, அதிலிருந்து மட்டும் சுமார் 340 கலோரி. வெளியில் சாப்பிடுவது இதில் சேராது. தட்டில் இருப்பதை அளக்கத் தொடங்கினால் சாப்பாடு தண்டனையாகிவிடும் என்பதால், தட்டை விட்டுவிட்டுச் சீட்டை அளப்பது என்று முடிவு செய்தோம்: மாதம் 3 லிட்டர், தீர்ந்தால் தீர்ந்தது. முதல் மாதம் 24ஆம் தேதியே தீர்ந்துபோய், மீதி நாட்களை இட்லி, இடியாப்பம், ஆவியில் வெந்த காய் என்று ஓட்டினோம். இரண்டாம் மாதத்திலிருந்து தாளிப்புக்கு ஒரு கரண்டி போய் ஒரு தேக்கரண்டி வந்தது. தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றுவதற்குப் பதில் நறுக்கிய வெங்காயத்தால் தேய்ப்பது வந்தது. இட்லிப்பொடிக்கு எண்ணெயோடு பாதி தயிர் சேர்ந்தது. பின்னதை அம்மா இன்றுவரை ஏற்கவில்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 15 கிலோவை 14 மாதத்துக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரிதான் குறைவு விழுந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகும் செலவைக் கழித்துவிட்டு துடுப்பு வலிப்பதில் செலவாகும் கலோரியை வாரம் முழுவதற்கும் பரப்பினால் நாளுக்குச் சுமார் 135 வருகிறது. குறைந்த 2 லிட்டர் எண்ணெயில் என் பங்கும் நாளுக்குச் சுமார் 135. இவ்வளவு அழகாகக் கணக்கு நேராவது எனக்கே கொஞ்சம் சந்தேகத்தைத் தருகிறது, ஏனென்றால் நடுவில் நான்கு கல்யாணங்களும் ஒரு தீபாவளியும் வந்துபோயின. குறைந்ததில் எல்லாமே கொழுப்பும் அல்ல. தோராயம் என்று வைத்துக்கொண்டாலும், தனியாக எதுவும் இதைச் செய்திருக்காது என்பது எனக்குப் போதிய அளவு தெளிவாகிறது.

சர்க்கரை விஷயம் எளிதாகவே முடிந்தது. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 32 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதை அந்த நான்கு டம்ளர்களே தாண்டிவிட்டன. காபியை இரண்டாக்கி, சர்க்கரையை அரைத் தேக்கரண்டியாக்கினேன். பத்து நாள் கசந்தது. பிறகு டிகாஷனின் வாசனை முன்பைவிட நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

கடினமாக இருந்தது மாலை ஐந்து மணிதான். அந்த நேரத்துப் பசி உண்மையான பசி, அதை அடக்கப் பார்த்தால் இரவு எட்டு மணிக்கு அது வட்டியோடு திரும்பி வரும். கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக, தேங்காய் கொஞ்சமாகப் போட்டு, ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டால் இரவுச் சாப்பாடு தானாகவே சுருங்குகிறது. மதியத்தில் முதலில் பொரியலையும் கூட்டையும் முடித்துவிட்டுப் பிறகு சோற்றில் கைவைப்பது என்று வரிசையை மாற்றினேன். சோற்றை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். தஞ்சாவூர்க்காரனிடம் அதை யாரும் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டாம் முறை சோறு வருவதற்குள் வயிறு பாதி நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் இலையில் விழும் பாயசத்தைத் தள்ளிவைப்பதும் இல்லை. உறவினர் ஒருவர் பரிமாறும்போது ‘நான் டயட்டில் இருக்கிறேன்’ என்று சொல்வதால் வரும் பேச்சு, பாயசத்தைவிட அதிகம் தொல்லை.

கடைசி இரண்டு மாதமாக எடை 79க்கும் 80க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. இளைத்த உடம்புக்குத் தீனியும் குறைவாகவே தேவை என்பதால், முன்பு பற்றாக்குறையாக இருந்த அதே அளவு இப்போது சரிசமமாகிவிட்டது. எண்ணெயை இன்னும் குறைக்க வீட்டில் யாரும் உடன்படமாட்டார்கள். வலிப்பதை ஐந்து நாளாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கையில் நான்கு விரல்களின் அடியிலும் காய்ப்பு ஏறியிருக்கிறது. மாடிப்படியில் முழங்கால் முனகுவதில்லை.

இயந்திரத்தின் சங்கிலிக்கு 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும். கடல் காற்று வரும் வீடு என்பதால் நான் கொஞ்சம் முன்னதாகவே செய்துவிடுகிறேன்: காகிதத்தில் ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெயை விட்டு, சங்கிலியை முழுதாக இழுத்து, முன்னும் பின்னும் துடைத்து, மிச்சத்தை ஒற்றி எடுப்பது. போன ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்துகொண்டிருந்தபோது, கையில் தோசைக் கரண்டியோடு அம்மா வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “பெத்தவளுக்கு தோசைக்கு ஒரு சொட்டு விட கணக்கு பாக்கறே, இந்த இரும்புக்கு மட்டும் தலைக்கு தேச்சு விடறமாதிரி தேச்சு விடறே” என்றார். அன்று அவர் தோசைக்கு நல்லெண்ணெய் நானே ஊற்றினேன்.